இடதுபக்கப் பின்கதவு

கிளிப் ஒன்று பட்டென்று உடைந்து, போர்ட்டிகோ தரையில் தெறித்து, அப்பாவின் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. ஒளிந்துகொள், எல்லோரும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், என்று சுடர்விழி பல்லைக் கடித்தாள். காரின் இடதுபக்கப் பின்கதவு அவள் முன்னால் அகலத் திறந்து நின்றது. கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் இந்தச் சாம்பல்நிறப் பலகைக்கு டோர் பேட் என்று பெயராம், இதைக் கழற்ற முதலில் கைப்பிடிக் குழிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு கை வைக்கும் திட்டுக்கு அடியில் இருப்பதை, அதன் பிறகு விளிம்பைச் சுற்றியுள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கெஞ்ச வேண்டும், கெஞ்சினால் அசைவதில்லை, அதட்டினால் உடைகிறது, இந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான். "மெல்ல அம்மிணி, பழைய வண்டியில்ல?" என்றார் அப்பா, செய்தித்தாளைத் தாழ்த்தாமலே. மெல்ல என்பது ஒரு யோசனையா, மெல்ல என்று சொல்கிறவர் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தால் என்ன, பஞ்சாலைச் சங்கத்தில் வருஷக்கணக்காகச் செயலாளராக இருந்த மனிதர், உழைப்பின் பெருமையைப் பற்றி மைக் முன்னால் நின்றால் சோடா உடைத்துக் கொடுத்தாலும் நிறுத்தாதவர், மகள் காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடக்கும்போது தலையங்கம் படிக்கிறார், படித்துவிட்டு அதோடு சண்டையும் போடுகிறார், "இவனெல்லாம் ஒரு பத்திரிகை நடத்துறான் பாரு" என்று. மதியத்துக்குள் இந்தக் கதவு சரியாக வேண்டும். கோபியில் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள், அம்மா தன் அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும், காரில் போனால் சாயந்திரத்துக்குள் திரும்பிவிடலாம், ஆனால் அம்மா நேற்று ராத்திரி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "கதவு சரியாச்சுன்னா கார்ல வர்றேன். இல்லாட்டி நான் பஸ்ஸுல போய்க்கறேன்." அம்மாவின் முழங்கால்கள் வீட்டு வாசற்படிக்கே கைப்பிடி கேட்கிறவை. அவை சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, கோபி பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் நின்று, அந்த உயரப் படியில் ஏறி... ஏறுவாள். அதுதான் பயம். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள், அழ மாட்டாள், கத்த மாட்டாள், மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய் நின்றுவிடுவாள். மகள் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள் என்று ஊரெல்லாம் சொல்கிறது, அந்த எட்டு வார்த்தையை அம்மாவிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

டோர் பேட் கடைசியில் ஒரு பெருமூச்சோடு கையோடு வந்தது. உள்ளே கறுப்புப் பிசின் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், அதை உரித்தால் விரலெல்லாம் பிசின், விரலைத் துடைத்தால் சுடிதாரெல்லாம் பிசின். தாளுக்குப் பின்னால் தகரத்தில் ஒழுங்கில்லாத ஓட்டைகள், அவற்றில் ஒன்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டும், பார்க்க முடியாது, பார்த்தால் கை போகாது, கை போனால் பார்வை போகாது, இதை வடிவமைத்தவன் எவனோ அவனுக்கு மூங்கில் குச்சி மாதிரி கை இருந்திருக்க வேண்டும். தகர விளிம்பு மணிக்கட்டைக் கீறியது. கதவின் ஓரத்தில், பூட்டின் கொக்கிக்குச் சற்றுக் கீழே, கிரீஸ் அப்பிய சின்னக் கறுப்பு நாக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, அதில் கை பட்டு மேலும் கறுப்பானது, சீ என்று துணியில் துடைத்துவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டாள். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர் கேட்டது ஞாபகம் வந்தது. லாக் மோட்டார் வேண்டும் என்று இவள் கார் பெயரைச் சொன்னதும், அவர் இவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலீங்களா?" என்றார். "நான்தான் மாட்டப்போறேன்." "நீங்களா?" "ஏங்க, மோட்டாருக்கு மீசை இருந்தாத்தான் புடிக்குமா?" அவர் சிரித்துவிட்டார், சிரித்ததும் இவளுக்குக் கோபம் பாதி போய்விட்டது, அதுவும் எரிச்சல்தான், சண்டைக்குத் தயாராகப் போகிற இடத்தில் எதிராளி சிரித்துவிட்டால் தயாரித்த வாதங்களையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. "டிரைவர் கதவுக்கா, மத்ததுக்கா? டிரைவர் கதவு மோட்டாருக்கு அஞ்சு ஒயரு, மத்ததுக்கெல்லாம் ரெண்டுதான்," என்றார். ஏன் என்று கேட்டாள். டிரைவர் கதவுதானே மற்ற மூன்றுக்கும் உத்தரவு போடுகிறது, உத்தரவு போட ஒயர் அதிகம் வேண்டும், கேட்டு நடக்க இரண்டு போதும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள், கேட்டு நடக்க இரண்டு போதும், பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இரண்டு போதும். முன்சீட்டில் எப்போதும் மாமா. அத்தை புருஷன் சென்னியப்பன் மாமா வண்டியில் ஏறினால் முன்சீட்டு அவருக்கு, அவர் வராவிட்டால் வேறு யாராவது ஒரு ஆம்பிளைக்கு, ஒருத்தரும் இல்லாவிட்டால் அப்பாவின் தோள்பைக்கு. அம்மாவுக்கு இடதுபக்கப் பின்சீட்டு என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் அந்த இருக்கையின் நுரை அம்மாவின் அளவுக்குக் குழிந்திருக்கிறது.

அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஊத்துக்குளிப் பக்கம் மாமாவுக்கு ஒரு நிலம் பார்க்கப் போயிருந்தார்கள், சுடர்விழி அப்போது பல்கலைக்கழக விடுதியில், இதெல்லாம் பிறகு துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. திரும்பும்போது அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவும் மாமாவும் டீக்கடையில் நிறுத்தி இறங்கினார்கள், தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று நல்ல எண்ணத்தோடுதான் இறங்கினார்கள், எல்லாமே நல்ல எண்ணத்தோடுதான் நடக்கிறது, பழக்கதோஷத்தில் அப்பா நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்கினார், டக். டீக்கடையில் யாரோ பழைய சங்கத்துக்காரர், பேச்சு. வெயில். அம்மாவுக்கு முழிப்பு வந்தபோது கழுத்தெல்லாம் நனைந்திருந்ததாம். சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது, நாலு கதவுக்கும் பவர் விண்டோ என்று அப்பா வாங்கிய நாளிலிருந்து பீற்றிக்கொள்கிற வண்டி. வலதுபக்கம் மாமா வாங்கிய புண்ணாக்கு மூட்டைகள். முன்னால் தாண்டிப் போகலாம் என்றால் முழங்கால். அப்பாவுக்குப் போன் போட்டாள், போன் அடித்தது, அவள் கண்ணெதிரே, முன்னால் சார்ஜரில் சொருகிக் கிடந்த அப்பாவின் போன், அதன் திரையில் மரகதம் என்று அம்மாவின் பெயரே எழுந்து எழுந்து அணைந்தது. கண்ணாடியைத் தட்டினாள், கையை ஆட்டினாள், ரோட்டில் போன ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, தெரிந்த வீட்டு அம்மா போல என்று நினைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம். இதை அம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, சொம்பில் இருந்த தண்ணீரைக் கடைசி வரை குடித்துவிட்டு, "குமிழத் தூக்கிட்டுத்தானுங்க இழுத்தேன். தொறக்கல," என்றாள். ஜன்னலோரம் நட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் பிளாஸ்டிக் குமிழ், இறங்கினால் பூட்டு, ஏறினால் திறப்பு. "சரியாத் தூக்கியிருக்க மாட்டே புள்ள. அந்தக் கதவு மோட்டாரு ரொம்ப நாளா மொண்டி பண்ணுது, பாத்துக்கலாம்," என்றார் அப்பா. பாத்துக்கலாம். இந்த வீட்டின் கூரை ஓட்டை, மோட்டார் அறைச் சுவிட்ச், அம்மாவின் முழங்கால், எல்லாவற்றுக்கும் போட்ட ஒரே பிளாஸ்திரி. அன்றிலிருந்து அம்மா காரில் ஏறவில்லை. சந்தைக்கு நடை. கல்யாணத்துக்கு, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்குத் தலைவலி." சுடர்விழியும் தன் பங்குக்கு வீடியோ காலில் வந்து, அம்மா, குமிழை விரலால மட்டும் புடிக்கக்கூடாது, நகம் வெச்சு முழுசாத் தூக்கணும், என்று வகுப்பு எடுத்தாள். சரி கண்ணு, என்றாள் அம்மா. அந்தச் சரி கண்ணு இப்போது கதவுத் தகரத்துக்குள் கையோடு சேர்ந்து எங்கோ மாட்டிக்கொண்டு உறுத்தியது, எதில் மாட்டியது என்று தெரியவில்லை, வெளியே இழுத்தால் வரவில்லை.

பழைய மோட்டார் வந்தது, கட்டை விரல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டி, இதற்கா இத்தனை பாடு. உலுக்கினால் உள்ளே பல்சக்கரம் உடைந்து கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது. புதியதை அதே இடத்தில் வைத்து, கம்பியை அதன் கொக்கியில் மாட்டி, ஸ்க்ரூவை விரல் நுனியில் ஏந்தி, அது உள்ளே விழுந்து, கதவின் அடிவயிற்றில் போய் டங் என்று உட்கார்ந்து, காந்தம் கட்டிய நூலால் அதைத் தூண்டில் போட்டுப் பிடித்து, மறுபடி விழுந்து, மறுபடி பிடித்து, ஒரு மனுஷி இத்தனை நேரத்தில் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கலாம். "முடிஞ்சுதா அம்மிணி?" "முடிஞ்சா சொல்லமாட்டனா?" "இல்ல, நேரமாச்சேன்னு." "அப்ப வந்து புடிங்க." "எனக்கு எங்க அதெல்லாம் கையோட்டம் இருக்குது," என்று அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இரண்டு ஒயர்களையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு ரிமோட்டை அமுக்கினாள். மூன்று குமிழ்கள் டக் என்று இறங்கின. நான்காவது, அம்மாவின் குமிழ், விறைப்பாக எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினாள். மூன்றும் எழுந்தன, இது இறங்கிக்கொண்டது. ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை, புரிந்ததும் காலையிலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு வந்தது, ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறாள், எல்லோரும் பூட்டும்போது இது திறக்கிறது, எல்லோரும் திறக்கும்போது இது பூட்டிக்கொள்கிறது, அடி என் சக்களத்தி, நீயும் நானும் ஒரே கட்சி. "என்ன சிரிப்பு?" "ஒரு கதவு மட்டும் எதிர்க்கட்சிங்கப்பா." "சென்ட்ரல் லாக்குல அதெல்லாம் நடக்காது, மாத்திப் போடு," என்றார் அப்பா, அவரும் சிரித்துக்கொண்டு. சென்ட்ரல் என்ற சொல்லைக் கேட்டாலே மேடையில் எகிறிக் குதிக்கிறவர், எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்தால் அது வீடாக இருந்தாலும் நாடாக இருந்தாலும் நாறிப்போகும் என்று மே தினத்தில் கைதட்டு வாங்கியவர். இவளுக்குச் சுடர்விழி என்று பெயர் வைத்தபோது மாமா வீட்டில் குலதெய்வத்தின் பெயர் எங்கே என்று முகம் சுளித்தார்களாம், இவர் அசையவில்லை. அதற்காக அப்பாவைப் பிடிக்கும். அதற்காகவே எரிச்சலும் வரும், ஒரு மனிதரை முழுக்கத் திட்டவும் விடாமல், முழுக்கப் பாராட்டவும் விடாமல். பெண்கள் விடுதிக் கதவை இருட்டுவதற்கு முன்பே பூட்டி, ஆண்கள் விடுதிக்குக் கதவே இல்லை என்பது போல விட்டிருந்ததை எதிர்த்து இவளும் தோழிகளும் வாசலில் உட்கார்ந்தபோது, வார்டன் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை, உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா. அப்பா போனில், "விடாத அம்மிணி. பூட்டறவன் எல்லாம் பாதுகாப்புன்னுதான் சொல்லுவான்," என்றார். அதை இவள் அட்டையில் எழுதிப் பிடித்தாள். அப்பா அந்தப் படத்தை டீக்கடை டீக்கடையாகக் காட்டியிருக்கிறார்.

ஒயரை மாற்றினாள். நான்கு குமிழ்களும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக ஏறின. தாளை ஒட்டி, சுவிட்ச் ஒயரைச் சொருகி, உயிரோடு இருந்த கிளிப்புகளை மட்டும் நம்பி டோர் பேடை அறைந்து உட்காரவைத்து, ஸ்க்ரூக்களை முடுக்கினாள். அப்பாவிடம் சாவியை வாங்கிக் கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தாள், அதுவும் வேலை செய்தது, சாவியை அவரிடமே கொடுத்தாள், அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அவர் போனதும் போர்ட்டிகோ அமைதியானது. சமையலறையிலிருந்து கொத்தமல்லி வறுக்கும் வாசம், அம்மா பயணத்துக்குச் சாதம் கட்டுகிறாள், காரிலா பஸ்ஸிலா என்று தெரியாமலே கட்டுகிறாள். இவள் சாவியோடு சேராமல் தனியாக இருக்கும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் குழியில் அம்மாவைப் போலவே உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள், டக். திறந்தாள், டக். அழகாக எழுந்து நின்றது குமிழ். வெற்றி. உள்கைப்பிடியை இழுத்தாள்.

கதவு திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். கைப்பிடி லொடக்கென்று வந்தது, போனது, அதற்கும் கதவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதது போல. கம்பி கழன்றுவிட்டதா, டோர் பேடை அறைந்தபோது எதையாவது உடைத்துவிட்டேனா, ஸ்க்ரூ இரண்டாம் முறை விழுந்தபோது எங்காவது சிக்கியதா, மறுபடி முதலிலிருந்தா, முடியாது, அந்தக் கிளிப்புகள் இன்னொரு தடவை தாங்காது. வலதுபக்கப் பின்கதவை ஒட்டிப் போர்ட்டிகோத் தூண், அதைத் திறந்தால் ஒரு கரப்பான்பூச்சி வெளியேறலாம். ஸ்க்ரூ டிரைவர் வெளியே தரையில். சாவி சட்டைப்பையில், சட்டை குளியலறைக் கதவில். முன்சீட்டுகளுக்கு நடுவே தாண்டிப் போகலாம், இவள் முழங்காலுக்கு என்ன கேடு, கியர்க் கம்பியைத் தாண்டி ஒரு காலை வைத்தால் போதும். மாட்டேன், என்றாள் வாய்விட்டு. ஏன் மாட்டேன் என்று தன்னையே கேட்டாள், கேட்டுப் பதிலும் சொன்னாள், ஒரு கதவு என்பது திறப்பதற்காக வைக்கப்பட்டது, இதைச் சரிசெய்யக் காலை முழுக்க முட்டிபோட்டவள் நான், நான் ஏன் திருடி மாதிரி தவழ்ந்து போக வேண்டும், இது வறட்டுப் பிடிவாதம் என்றது மனசின் ஒரு பக்கம், வறட்டுப் பிடிவாதமாகவே இருக்கட்டும் என்றது மறுபக்கம், இரண்டு பக்கமும் இவளேதான், இரண்டும் வியர்த்தன. வெயில் போர்ட்டிகோவின் பாதியைத் தாண்டிக் காரின் கண்ணாடியில் ஏறியிருந்தது. உள்ளே பழைய ரெக்சின் வாசம், புண்ணாக்கின் மிச்சம், தொண்டையில் ஒரு பிசுபிசுப்பு. தன்னை அறியாமலே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள், நனைந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது, எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டார், ஒரு நாய் உட்கார்ந்து காலைச் சொறிந்தது, கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் சௌகரியமாக இருப்பது போலத்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். இவளும் தலையசைத்தாள். கைப்பிடியை இழுத்தாள், குமிழ் மேலே நிற்கிறது, கைப்பிடி வருகிறது, கதவு வரவில்லை. குமிழைத் தூக்கிட்டுத்தானுங்க இழுத்தேன். நகம் வைத்து முழுசாத் தூக்கணும். சரி கண்ணு. தூக்கித்தான் இருக்கிறது, முழுசாகத் தூக்கித்தான் இருக்கிறது, இதற்கு மேல் தூக்க அந்தக் குமிழுக்கு உயரமே இல்லை. அப்படியானால் அன்றைக்கும் மோட்டார் இல்லை. அப்படியானால் வேறு எதுவோ. எது?

அப்பா குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வந்தார், குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "என்ன அம்மிணி, அதுக்குள்ள பொறப்பட்டு உக்காந்துட்டியா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"கதவு தொறக்கலப்பா."

"மோட்டாரு?"

"மோட்டார் நல்லா வேலை செய்யுது. குமிழப் பாருங்க, மேலதான் நிக்குது. கைப்பிடி இழுத்தா ஒண்ணும் ஆக மாட்டேங்குது."

"அட, அதா." அப்பாவின் முகம் தெளிந்தது, சிரித்தார். "அது உள்ளயிருந்து தொறக்காது அம்மிணி. சைல்டு லாக் போட்டிருக்கேன்ல."

அவர் விரல் காட்டிய இடம் கதவின் ஓரம். பூட்டுக்குக் கீழே, கிரீஸ் அப்பிய அந்தச் சின்னக் கறுப்பு நாக்கு. காலையில் கை பட்டதும் சீ என்றது.

"யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"சைல்டு லாக். யாருக்குப் போட்டீங்க? இந்த வீட்டுல எந்தச் சைல்டு பின்சீட்டுல உக்காருது?"

"ஏன், உங்கம்மாவுக்குத்தான். வண்டி வாங்குன புதுசுல, ஒருக்கா பாக்காம கொள்ளாம கதவத் தொறந்துபோட்டா, பால்காரர் வண்டியோட வந்து மோதி, ரோடெல்லாம் பாலு. அதான், எதுக்கு வம்புன்னு... ஒரு பாதுகாப்புக்கு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த வார்த்தை வந்து விழுந்தது. இவள் பேச வாயெடுத்தாள், ஒன்பது வார்த்தையும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. "அம்மாகிட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் வந்தது.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? நாமதான் எறங்கி வந்து தொறந்து விடறமே எப்பவும்."

"அன்னிக்கு டீக்கடையில?"

அப்பா சிரித்தபடியே துண்டால் கழுத்தைத் துடைக்கப் போனார். துண்டைப் பிடித்திருந்த கை தோளிலேயே நின்றுவிட்டது. சிரிப்பு முகத்தில் போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு போனது. "மறந்தே போச்சு அம்மிணி," என்றார். அது உண்மை என்று இவளுக்குத் தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை, கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி, மறந்துபோனவரிடம் எப்படிச் சண்டை போடுவது, ஒரு மனுஷியைப் பூட்டிவிட்டு, பூட்டியதையே மறந்துபோய், அவள் சரியாகத் தூக்கவில்லை என்று சொல்கிறவரிடம். அவர் வெளிக்கைப்பிடியில் கை வைத்தார். இவள் ரிமோட்டை அமுக்கினாள். நான்கு குமிழ்களும் டக் என்று இறங்கின.

"என்ன பண்ற? கதவத் தொற, வேர்த்து ஊத்துது."

"நீங்க தொறக்க வேண்டாம். அம்மாவக் கூப்பிடுங்க."

"அம்மிணி, எதிர்வீட்டுல பாக்கறாங்க."

"நல்லாப் பாக்கட்டும். கூப்பிடுங்க. என்ன விசயம்னும் நீங்களே சொல்லுங்க."

அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், உள்ளே போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கண்ணாடி வழியே சமையலறை ஜன்னலில் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன, ஒன்று பேசியது, ஒன்று அசையாமல் கேட்டது. இவள் அதற்குள் மனசில் ஒரு முழுச் சொற்பொழிவைத் தயாரித்துவிட்டாள், விடுதிக் கதவு, கார்க் கதவு, பாதுகாப்பு, மே தினம், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், மறுக்கவே முடியாது. அம்மா கையில் கரண்டியோடு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். இவள் ரிமோட்டை அமுக்க, குமிழ் எழ, அம்மா வெளியிலிருந்து கதவைத் திறந்தாள். காற்று வந்தது.

"எதுக்குடி இப்படி வேர்த்துக் கெடக்கற? முன்னால தாண்டி வந்திருக்கலாமல்ல, நல்ல காலு இருக்கறப்ப?"

அவ்வளவுதான், சொற்பொழிவு முழுக்க எங்கோ ஓடிப்போனது. இவள் இறங்கி நின்றாள்.

"எது அது?" என்றாள் அம்மா. சுடர்விழி காட்டினாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கிரீஸுக்கு நடுவே ஒரு ஸ்டிக்கர், அதில் தேய்ந்துபோன ஒரு படம். "கொழந்தப் படம் போட்டிருக்குது," என்றாள். நகத்தால் தள்ளினாள், நகரவில்லை. கரண்டிக் காம்பால் ஒரு அழுத்து அழுத்தினாள், கிளுக் என்று இறங்கியது. நிமிர்ந்தாள். அப்பா ஒரு தூணோரம் நின்றிருந்தார்.

"அப்ப அன்னிக்கு நான் சரியாத்தான் தூக்கியிருக்கேன்," என்றாள்.

"மரகதம், அது வந்து..."

"சரியாத்தான் தூக்குனேன்," என்றாள் மறுபடி, அப்பாவைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்தும் அல்ல, கதவைப் பார்த்து. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் குழியில் உட்கார்ந்தாள். "சாத்து கண்ணு. அவரப் பூட்டச் சொல்லு." சுடர்விழி சாத்தி, ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா தயங்கினார். உள்ளே அம்மா காத்திருந்தாள். அவர் அமுக்கினார், டக். அம்மா குமிழைத் தூக்கினாள், கைப்பிடியை இழுத்தாள், கதவு திறந்தது. சரி, முடிந்தது, பொறப்படலாம், என்று சுடர்விழி மூச்சு விட்டபோது அம்மா திறந்த கதவில் கை வைத்தபடி, "இந்த மோட்டாரக் கழட்டிரு," என்றாள்.

"அம்மா!"

"இந்தக் கதவுக்கு மட்டும் வேண்டாம். பூட்டறதுன்னா நானே பூட்டிக்கறேன்."

"காத்தாலேருந்து நான் என்ன பாடு பட்டு மாட்டியிருக்கேன் தெரியுமா? அந்தக் கிளிப்பு ஒண்ணொண்ணும்..."

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மிணி கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்குது புள்ள. அதுவுமில்லாம சென்ட்ரல் லாக்குன்னா நாலும் சேர்ந்துதான் இருக்கோணும்."

"மூணு சேர்ந்து இருக்கட்டும்," என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மேடை இல்லை, சோடா இல்லை. சுடர்விழி தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, திட்டுக்கு அடியில் ஒன்று, பிறகு கிளிப்புகள், மறுபடியும் கெஞ்சல், மறுபடியும் பட், எரிச்சலில் கண்ணில் தண்ணீரே வந்தது, எரிச்சல்தான், வேறு ஒன்றும் இல்லை. பலகையின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். பார்த்தால் அப்பா, ஈரத் துண்டோடு முட்டிபோட்டு, தப்பான பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கங்கப்பா," என்றாள். பக்கத்தை மாற்றிப் பிடித்தார். டேப்பைப் பிரித்து இரண்டு ஒயரையும் விலக்கி, முனைகளைத் தனித்தனியாகச் சுற்றி, மோட்டாரின் கொக்கியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டாள், இனி அந்தக் குமிழ் விரலுக்கு மட்டும் அசையும். பேடை மாட்டியபோது ஒரு மூலை விரிந்தே நின்றது, ஒரு ஸ்க்ரூவும் மிச்சமாகிவிட்டது, எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை, போகட்டும்.

அம்மா புடவை மாற்றி, சாதப் பையோடு வந்து ஏறினாள். அப்பா வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார். சுடர்விழி முன்சீட்டில். பிரதான சாலையின் முனையில் நின்றபோது பழக்கத்தில் அப்பாவின் கை தன் பக்கக் குமிழை அமுக்கியது. மூன்றும் டக் என்று ஒன்றாக இறங்கின. நான்காவது நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார், உடனே சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போனது, இரண்டு டவுன் பஸ் போயின, பின்னால் அம்மா பையை மடியிலிருந்து சீட்டுக்கு மாற்றினாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், சாதம் கவிழாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். வண்டி திரும்பி வேகம் எடுத்தது. அதற்குப் பிறகு எப்போதோ, ஹோப் காலேஜ் தாண்டியோ என்னவோ, பின்னாலிருந்து தனியாக, சின்னதாக, டக்.